பனியில மெழுகுவர்த்தி எல்லாம் நனைஞ்சு போச்சுங்க. வெளிச்சந்தையில கடை போடுறவங்க வழி சொல்லுங்க

கோபி_மெழுகு · ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபியில வீட்டுலயே மெழுகுவர்த்தி ஊத்தி மூணு வருசமா வித்துட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க வீட்டு விசேசத்துக்கும் ரெண்டு மூணு கடைக்கும் குடுக்கறதோட சரி. இந்த மார்கழியிலதான் முதல் தடவையா கோயமுத்தூர்ல ஒரு மைதானத்துல நடந்த ரெண்டு நாள் கைவினைச் சந்தையில கடை எடுத்தேன். கீழ புல்தரை, மேல துணிக் கூடாரம், நாலு பக்கமும் திறப்பு.

போன வாரம் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வியாபாரம் முடிஞ்சது. ராத்திரி காவல் இருக்குன்னு நடத்துறவங்க சொன்னாங்க. அதனால எல்லாத்தையும் பெட்டியில அடுக்காம மேசை மேலயே விட்டு, பாலித்தீன் சீட்டை நல்லா இறுக்கிப் போத்தி, சுத்திக் கயிறு கட்டிட்டு வந்தோம். வெடியால ஆறரைக்குப் போய்ப் பிரிச்சா, சீட்டோட உள்பக்கம் பூராவும் முத்து முத்தா தண்ணிங்க. ஒரு சொட்டு மழை இல்ல. ஆனா ஜாடியெல்லாம் மழையில நின்ன மாதிரி நனைஞ்சிருந்தது. லேபிள் மை கரைஞ்சு ஜாடியில நீலமா வழிஞ்சிருந்தது. ஜாடிக்குள்ள திரியைச் சுத்தி தண்ணி கோத்து நின்னுது. ஒரு அம்மா "பத்த வச்சுக் காட்டு கண்ணு"ன்னாங்க. துடைச்சுட்டுத்தான் பத்த வச்சேன். பட்டுபட்டுன்னு பொரிஞ்சு அணைஞ்சு போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல, வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த நேரம் எனக்கு அழுகையே வந்துருச்சு.

காஞ்ச பூ பதிச்ச தூண் மெழுகுவர்த்தி 14 இருந்துச்சு. எல்லாத்துலயும் பூ கருத்துப் போச்சு. தேங்காத் தொட்டியில ஊத்தினது மூணு நாள் கழிச்சு அடியில பூசணம் புடிச்சிருக்கு.

பொங்கல் கழிச்சு இன்னொரு சந்தைக்கு முன்பணம் கட்டிட்டேன். இன்னும் மூணு வாரம் இருக்குங்க. என்ன பண்ணோணும்?

சூலூர்_விளக்கு · ஞாயிறு, இரவு 10.25

அம்மிணி, மனசு விடாதீங்க. நான் 11 வருசமா வெளிச்சந்தையிலதான் விக்கிறேன், முதல் வருசம் எனக்கும் இதேதான் நடந்துச்சு. வழி சொல்றதுக்கு முன்னாடி மூணு விசயம் தெரியோணும். என்ன மெழுகு? சாமானை எப்படிக் கொண்டு போனீங்க, ஏசி கார்லயா? மெழுகு மேல இருந்த சொட்டு தண்ணியா எண்ணெயா?

கடைசிக் கேள்விக்கு ஒரு வழி இருக்கு. இன்னும் சொட்டு நிக்கிற ஜாடி இருந்தா, அதை ஒரு செய்தித்தாள் துண்டுல ஒத்தி எடுத்து அரை மணி நேரம் வைங்க. தண்ணின்னா காஞ்சு போகும். எண்ணெய்ன்னா பஜ்ஜி வச்ச தாள் மாதிரி கறை நிக்கும், வெளிச்சத்துல புடிச்சா ஊடுருவித் தெரியும்.

கோபி_மெழுகு · திங்கள், காலை 7.10

ஜாடியெல்லாம் சோயா மெழுகு. தூண் பாரஃபின். தேன்மெழுகுச் சுருள் கொஞ்சம். தங்கச்சி வீட்டுக்கார் கார்ல கொண்டு போனோம், ஏசி ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

தாள்ல ஒத்திப் பாத்தேனுங்க. ஜாடி வெளிப்பக்கம் இருந்தது காஞ்சு போச்சு. ஆனா சோயா மேல்பக்கத்துச் சொட்டு கறை நிக்குது. அப்ப ரெண்டும் இருக்குதுங்களா?

சூலூர்_விளக்கு · திங்கள், மதியம் 1.50

ரெண்டும்தான். ரெண்டுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. ஒட்டுக்காப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

முதல்ல எண்ணெய். அது வெளியில இருந்து வந்த ஈரம் இல்ல. நாம ஊத்துன வாசனை எண்ணெய்தான் திரும்ப மேல வருது. சோயா மெழுகு மெத்தை மாதிரி இளகுன சாதி. ஜாடிக்கு ஊத்துற சோயா ஏறக்குறைய 50 டிகிரியிலயே உருகிரும். மதியம் கூடாரத்துக்குள்ள சூடேறி, ராத்திரி குளுந்தா அது வேர்க்கும். வாசனை எண்ணெய் அளவு மீறிப் போட்டிருந்தா இன்னும் எச்சா வேர்க்கும். இதுக்குப் போர்வை எல்லாம் உதவாது. எண்ணெயைக் குறைங்க, ஊத்துனதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் ஆறப் போடுங்க, கடையில வெயில் படாத பக்கம் வைங்க.

அடுத்தது தண்ணி. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் கவலை போயிரும். மெழுகு தண்ணி குடிக்காதுங்க. பாரஃபின், தேன்மெழுகு, சோயா எதுவானாலும் சரி, மேல நிக்குற தண்ணியைத் துடைச்சா மெழுகு மெழுகாத்தான் இருக்கும். கெட்டுப் போறது மெழுகைச் சுத்தி இருக்கறதுதான். திரி பஞ்சு நூல், குடிக்கும். காகித லேபிள் குடிக்கும். அட்டைப் பெட்டி, காஞ்ச பூ, தேங்காத் தொட்டி, பூசாத மண்சட்டி எல்லாம் குடிக்கும். அதனால "மெழுகுவர்த்தியை எப்படிக் காப்பாத்தறது"ன்னு யோசிக்காதீங்க. திரியை எப்படி, லேபிளை எப்படி, பெட்டியை எப்படின்னு தனித்தனியா யோசிங்க.

திரிக்கு நான் செய்யறது இது. ஊத்தி முடிச்சதும் திரியை வெட்டாம அரை விரல் நீளம் விட்டு, நுனியை உருகுன மெழுகுல ஒரு முக்கு முக்கி நேரா நிறுத்திருவேன். நுனியில மெழுகு மூடிட்டா பனி உள்ள போகாது. கால் இஞ்ச் அளவுக்கு வெட்டறது விக்கும்போதுதான். கத்தரி கடையிலயே இருக்கும், வாங்குறவங்க கண்ணு முன்னாடி வெட்டிக் குடுப்பேன். அது அவங்களுக்கும் புடிக்குது.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் கேளுங்க. ஜாடிக்குள்ள தண்ணி நின்னா அப்படியே பத்த வைக்காதீங்க. கவுத்து வடிச்சு, திரியைத் துணியில அழுத்தி எடுத்து, ஒரு நாள் நிழல்ல காய விட்டுத்தான். சூடான மெழுகுக்குள்ள தண்ணி மாட்டுச்சுன்னா ஆவியாகி மெழுகைத் தூக்கி அடிக்கும். நீங்க பாத்த பட்டுபட்டு அதோட சின்ன வடிவம்தான். கைமேல தெறிச்சிருந்தா?

காங்கேயம்_களம் · திங்கள், மாலை 6.15

நான் மெழுகுவர்த்தி ஆள் இல்லீங்க, கொப்பரைக் களம் வச்சிருக்கேன். வீட்டுக்காரி இந்தக் குழுவுல இருக்கறதால படிச்சேன். பனியும் போர்வையும் எங்களுக்கு அன்னாட வேலை, அதனால ஒரு வார்த்தை.

நீங்க செஞ்ச தப்பு போத்துனது இல்லீங்க, ஒட்டிப் போத்துனது. மார்கழி தையில ராத்திரி வானம் வெறிச்சுன்னு இருக்கும், காத்தும் இருக்காது. தார்ப்பாய் சட்டுனு குளுந்துரும். கீழ மண்ணும் புல்லும் ராத்திரி பூரா ஈரத்தை மேல விட்டுக்கிட்டே இருக்கும். அந்த ஈரம் குளுந்த சீட்டுல பட்டுத் தண்ணியா நிக்கும். சீட்டு சாமானை ஒட்டிக் கெடந்தா தண்ணி நேரா சாமான் மேல. சோத்துப் போசியை மூடி வச்சா மூடியில வேர்க்குதுல்ல, அதேதான்.

நாங்க என்ன பண்ணுவோம்னா, பொழுது சாயறதுக்கு முன்னாடியே, சூடு இருக்கும்போதே கொப்பரையைக் குவிச்சு மூடிருவோம். பனி இறங்குன பின்னாடி மூடுனா ஈரத்தையும் சேர்த்து மூடுன மாதிரி. நடுவுல மூங்கில் குச்சி குடுத்துச் சீட்டைத் தூக்கி விட்டுட்டா தண்ணி சரிவுல ஓரமா ஓடிரும். காத்தால வெயில் வந்ததும் எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிக் காயப்போடுவோம். ஈரச் சீட்டை மடிச்சு வச்சா அடுத்த ராத்திரி அந்த ஈரமே கெடுக்கும்.

புல்தரைன்னா கீழயும் ஒரு தார்ப்பாய் விரிங்க. அதை யாரும் யோசிக்கறதில்ல.

கோபி_மெழுகு · திங்கள், இரவு 8.05

அண்ணா, சோத்துப் போசி மூடின்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. நாங்க மூடுனதே ஒன்பதே முக்காலுக்கு. மேசைத்துணியைத் தொட்டா அப்பவே சில்லுன்னு இருந்துச்சு.

குன்னூர்_குளிர் · செவ்வாய், காலை 10.30

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். மேசை மேல் விட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஏசி காரில் கொண்டுபோனீர்கள் என்றீர்களே, அதை யாரும் விடக்கூடாது.

நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் சந்தைக்கு இறங்குவோம். குன்னூர் 1800 மீட்டருக்கு மேல். விடிகாலை வண்டியில் ஏற்றும்போது மெழுகு கல் மாதிரி குளிர்ந்திருக்கும். கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் ஒவ்வொரு ஜாடியும் பால் தடவியது போல மங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பதுபோலத்தான். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஏசி காரின் டிக்கி அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும்.

அனுபவத்தில் கற்றது ஒன்றே. சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் கூடாரம், மேசை, துணி, பலகை எல்லாம் முடியுங்கள். பெட்டிகள் மூடியபடியே நிழலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கட்டும். வெளிச்சூடு மெதுவாக உள்ளே ஏறும், உள்ளே இருக்கும் காற்று வீட்டுக் காற்று, அதில் ஈரம் குறைவு. ஜாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக்கூடாது. அப்புறம் திறங்கள். இதற்காகவே நாங்கள் அதிகாலை நாலரைக்குக் கிளம்புகிறோம்.

காரில் ஏசி போடாமல் வருவது இன்னும் நல்லது. கோடையில் அது முடியாது, டிக்கி சூட்டில் சோயா குழைந்துவிடும். மார்கழியில் தாராளமாக முடியும்.

ஈரோடு_மஞ்சக்காடு · செவ்வாய், பகல் 12.40

கிண்ணத்துல கல் உப்பு வச்சா ஈரத்தை இழுத்துக்கும்னு எங்க அம்மாயி சொல்லுவாங்க. இல்லைன்னா துணியில அரிசி கட்டி மேசையில வைக்கலாம். செலவில்லாத வழி, பாருங்க.

திருப்பூர்_பேக்கிங் · செவ்வாய், மாலை 4.20

அக்கா, உப்பு மட்டும் வேண்டாங்க. உப்பு ஈரத்தை இழுக்கறது நிசம்தான். ஆனா மழைநாள்ல அதுவே தண்ணியாக் கசிஞ்சு ஓடும், அடுப்படி உப்பு ஜாடியைப் பாத்தாத் தெரியும். தகர டப்பா மெழுகுவர்த்தி பக்கத்துல அந்தத் தண்ணி பட்டா ரெண்டே நாள்ல துரு. அரிசி இழுக்கறது ரொம்பக் கொஞ்சம்.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்ணு. உப்போ அரிசியோ சிலிக்கா ஜெல்லோ, எதுவானாலும் மூடுன டப்பாவுக்குள்ளதான் வேலை செய்யும். திறந்த மேசையில வச்சா மைதானத்துக் காத்து பூராவையும் காய வைக்கோணும், அது நடக்குமாங்க? நான் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில பேக்கிங் பாக்கறேன். கப்பல்ல போற அட்டைப் பெட்டிக்குள்ள பூசணம் வராம இருக்க நாங்க போடறது இந்தச் சிலிக்கா ஜெல்தான். அதுகூட பாலிபேக்குக்குள்ள, பெட்டி டேப் ஒட்டுன பொறவுதான் உபயோகம்.

கோபி அக்காவுக்கு நான் சொல்றது இதுங்க. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் வளையம் வச்சது வாங்குங்க. ராத்திரி சாமான் பூராவும் அதுக்குள்ள, ஒவ்வொரு டப்பாவுலயும் சிலிக்கா ஜெல் ரெண்டு மூணு பொட்டலம். நிறம் மாறுற சாதியா பாத்து வாங்குங்க. நீலம் ஈரமானா இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஈரமானா பச்சையாகும். நீலத்துல இருக்கற கோபால்ட் உப்பு நல்லதில்லைங்கறதால நாங்க ஆரஞ்சுக்கு மாறிட்டோம், குழந்தைங்க இருக்கற வீடுன்னா நீங்களும் அதையே வாங்குங்க. நல்லா ஈரமான காத்துல தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் தண்ணி புடிக்கும். புடிச்சு நிறைஞ்சா அவ்வளவுதான், சும்மா கல்லு. உதிரியா இருக்கறதைத் தட்டுல பரப்பி 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் சூடு பண்ணுனா திரும்ப உயிர் வரும். சமைக்கற ஓவன்ல செய்யாதீங்க. வெயில்ல போட்டா அரைகுறையாத்தான் காயும்.

லேபிளுக்கு எங்க ஊர்ல ஒரு நல்ல வழி இருக்குது. பனியன் கழுத்துல தைக்கிற துவைக்கும் குறிப்பு லேபிள் தெரியுமுங்களா? வழவழன்னு சாட்டின் நாடா. ரிப்பன் வச்சு அச்சடிக்கிற மெஷின்ல அடிச்சது, அம்பது தடவை துவைச்சாலும் எழுத்து நிக்கோணும்னே செய்யறது. அதுலயே உங்க பேரு, வாசனை, எடை எல்லாம் அடிச்சு, சணல் கயித்துல ஜாடிக் கழுத்துல கட்டிருங்க. பனி என்ன, மழையே வந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க: பத்த வைக்கறதுக்கு முன்னாடி கழட்டிரோணும், துணி பாருங்க.

ஒட்டற லேபிள்தான் வேணும்னா காகிதம் வேண்டாம், பிளாஸ்டிக் படலத்துல அடிக்கச் சொல்லுங்க. வீட்டு இங்க்ஜெட்ல அடிச்சா மை கரையத்தான் செய்யும். லேசர்ல அடிச்சா மை கரையாது, காகிதம்தான் ஊறும். பில் போடற மெஷின்ல வர்ற தெர்மல் லேபிள் சூட்டுல கருத்துப் போகும், அது மெழுகுவர்த்திக்கு ஆகவே ஆகாது.

ஈரோடு_மஞ்சக்காடு · செவ்வாய், மாலை 5.00

தம்பி, சரியாச் சொன்னீங்க. திறந்த மேசைக்கு ஆகாதுங்கறது எனக்குத் தோணல. எங்க மஞ்சள் கிடங்குல மூட்டையைத் தரையில வைக்க மாட்டோம், மரச்சட்டம் போட்டு, செவுத்துல இருந்து ஒரு முழம் தள்ளித்தான் அடுக்குவோம். அது இங்க உதவும்னு நினைக்கிறேன். தக்காளி கிரேட் நாலைக் கவுத்துப் போட்டு அது மேல டப்பாவை வைங்க.

பொள்ளாச்சி_தென்னை · செவ்வாய், இரவு 9.15

எல்லாரும் பனியைப் பத்தியே பேசறீங்க. எங்க பக்கம் சாரலை நினைங்க. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கோம். ஆனி ஆடியில சாரல் மேல இருந்து விழாது, குறுக்கால வரும். கூடாரத்துக்கு மேல மட்டும் மறைச்சா சுத்தமாப் பிரயோசனம் இல்ல.

மேக்குப் பக்கம் கட்டாயம் பக்கத் திரை வேணும். அதையும் முழுசா மூடாதீங்க, கீழ ஒரு சாண் விடுங்க. இல்லைன்னா காத்து பாய்மரம் மாதிரி தூக்கிரும். போன ஆடியில எங்க பக்கத்துக் கடைக் கூடாரம் அப்படியே எந்திரிச்சுப் போய் விழுந்ததை நான் நேர்ல பாத்தேன். கால் ஒவ்வொண்ணுக்கும் மணல் மூட்டை கட்டோணும், செங்கல் போதாது. ரெண்டு கூடாரம் ஒட்டி நின்னா நடுவுல தண்ணி கொட்டும், அங்க தார்ப்பாயைப் பள்ளமா மடிச்சுக் குடுத்து வெளிய வடிய விடுங்க. மேல துணி தொய்ஞ்ச இடத்துல குளம் கட்டும், அடிக்கடி உள்ள இருந்து குச்சியில தூக்கி விடோணும். அப்படித் தூக்கும்போது கீழ மேசையில என்ன இருக்குன்னு பாத்துக்கங்க!

அப்புறம், தேங்காத் தொட்டி. நானும் அதுலதான் ஊத்தறேன். தொட்டி வெளிய காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும். நார் சுத்தமா எடுத்து, தேச்சு, நல்ல வெயில்ல ஒரு வாரம் போட்டு, வெளிப்பக்கமும் உள்பக்கமும் உருகுன மெழுகுல ஒரு பூச்சு குடுத்த பொறவுதான் ஊத்தோணும். பூசணம் வந்ததைக் கடையில வைக்காதீங்க. துடைச்சாலும் திரும்ப வரும்.

சத்தி_தேன்மெழுகு · புதன், காலை 8.45

ஒரு சின்ன விசயம். தேன்மெழுகு மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி வந்தா அதை ஈரம்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுறாதீங்க. பூசணமும் இல்ல. குளுர்ல தேன்மெழுகு தானாப் பூக்கும், கலப்படம் இல்லாத மெழுகுக்கு அது இயல்பு. ஹேர் டிரையர்ல லேசாச் சூடு காட்டி மெல்லிசுத் துணியில தேச்சா மினுமினுப்பு வந்துரும். போன வாரம்கூட ஒரு அண்ணன் "ஈரம் புடிச்ச சாமானை விக்கறீங்க"ன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தாரு. அவரு முன்னாடியே தேச்சுக் காட்டுனேன், நாலு வாங்கிட்டுப் போனாரு.

தேன்மெழுகு உருகறது 62 முதல் 64 டிகிரி. வெயிலுக்கு அது தாங்கும். கொங்கு நாட்டுல சித்திரையில வெளிய விக்கறவங்க சோயாவை மட்டும் நம்பாதீங்க.

சூலூர்_விளக்கு · புதன், மதியம் 2.10

சத்தி அண்ணா சொன்னது நிசம். சோயாவுலயும் அப்படி வெள்ளைப் பூப்பு உண்டு. அதுவும் ஈரம் இல்ல, மெழுகு உறையும்போது ஆகறது.

திருப்பூர் தம்பி சொன்ன டப்பா நல்ல யோசனை. அதோட நான் தூண் மெழுகுவர்த்திக்கெல்லாம் ஷ்ரிங்க் கவர், சூடு காட்டுனா சுருங்கி ஒட்டிக்கற பிளாஸ்டிக் உறை, போட்டுருவேன். தூசியும் ஒட்டாது, பனியும் படாது.

குன்னூர்_குளிர் · புதன், மாலை 3.30

ஷ்ரிங்க் கவர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று காரணம். ஒன்று, வாங்க வருகிறவர் முதலில் செய்வது மூக்குக்குக் கொண்டுபோவதுதான். கவருக்குள் இருந்தால் வாசனை எங்கே வரும்? இரண்டு, எங்கள் ஊரில் மூடுபனி நாளில் கவர் போட்டால் அந்த ஈரக் காற்றும் உள்ளே அடைபடும், குளிர்ந்ததும் கவரின் உள்பக்கம் மங்கிவிடும். மூன்று, சூடு காட்டிச் சுருக்கும்போது சோயா ஓரம் இளகிப் பளபளப்பு போய்விடுகிறது.

சூலூர்_விளக்கு · புதன், மாலை 4.05

வாசனைக்கு ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணைத் திறந்து வைப்பேங்க. அது விக்கறதுக்கு இல்ல, முகர்ந்து பாக்க. மூடி போட்ட சின்ன டப்பாவுல மெழுகு வச்சு, திறந்து முகர்ந்து திரும்ப மூடறது. இதுல இன்னொரு லாபம்: விக்கற சாமான்ல பத்துப் பேர் விரல் படாது.

ரெண்டாவது காரணம் சரிதான். அதனால கவர் போடறதை வெயில் அடிக்கிற மதியத்துலதான் வச்சுக்கறேன், மழை நாள்ல தொடறதே இல்ல. சோயாவுக்குப் போடறதில்லைன்னு ஒத்துக்கறேன். குன்னூர்க் காத்துக்கு அது சரிப்படாதுங்கறதையும் ஒத்துக்கறேன். சூலூர்ல சரிப்படுது.

திருப்பூர்_பேக்கிங் · புதன், மாலை 4.40

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு: எங்க பாலிபேக்குல சின்ன ஓட்டை போடுவோம், காத்து வெளிய போகறதுக்கு. அந்த மாதிரி ஓட்டை போட்ட பைல தூணைப் போட்டா தூசிக்கு மறைப்பு, வாசனையும் வரும், உள்ள வேர்க்காது. மழைக்கு மட்டும் ஆகாது.

துடைக்கறதுக்கு பனியன் வேஸ்ட் வச்சுக்கங்க. வெள்ளையா பாத்து எடுங்க, சாயம் போட்டதுல துடைச்சா வெள்ளை மெழுகுல சிவப்பு ஏறிரும்.

கோபி_மெழுகு · வியாழன், இரவு 9.30

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. ஒண்ணு மட்டும் கேக்கோணும். நனைஞ்ச 14 தூணையும் உருக்கித் திரும்ப ஊத்தலாமுங்களா?

சூலூர்_விளக்கு · வியாழன், இரவு 10.00

தாராளமா. பூவைக் கத்தியில செதுக்கி எடுத்துருங்க, திரியைத் தூக்கிப் போட்டுருங்க. நேரா அடுப்புல வைக்காம, தண்ணிச் சட்டிக்குள்ள போசி வச்சு நிதானமா உருக்குங்க. மெழுகு தண்ணியைவிட லேசு, அதனால ஒளிஞ்சிருந்த தண்ணி போசி அடியில போய் உக்காந்துக்கும். உருகுனதும் அடுப்பை அணைச்சுப் பத்து நிமிசம் ஆட்டாம வைங்க. அப்புறம் மேல இருக்கறதை மட்டும் சாய்ச்சு ஊத்துங்க. அடியில ஒரு விரல் அளவு விட்டுருங்க, அது ஆறி உறைஞ்ச பொறவு கட்டியைத் தூக்குனா கீழ தண்ணி தனியா நிக்கறதைப் பாப்பீங்க.

பூ திரும்ப வைக்கறதா இருந்தா திரிக்குத் தள்ளி வெளி ஓரத்துல வைங்க. பூவை மெழுகுல முக்கி எடுத்துட்டுப் பதிச்சா ஈரம் ஏறாது. திரிக்குக் கிட்ட இருந்தா பூ பத்திக்கும்.

கோபி_மெழுகு · மூணு வாரம் கழிச்சு, திங்கள், காலை 11.20

பொங்கல் நோம்பி கழிஞ்சு சந்தை முடிஞ்சு நேத்து ராத்திரிதான் வந்தோம். எழுதாம தூங்க மனசு வரலைன்னாலும் கண்ணு சொக்கிருச்சு, அதான் இப்ப எழுதறேன்.

வெள்ளிக்கிழமை ஏசி போடாமத்தான் போனோம். குன்னூர்க்காரங்க சொன்ன மாதிரி பெட்டியைத் திறக்காம ஒன்றரை மணி நேரம் வச்சேன். ஒரே ஒரு ஜாடியை மட்டும் வேணும்னே முன்னாடியே எடுத்து வச்சுப் பாத்தேன். மார்கழி மாதிரி இல்ல, ஆனாலும் லேசா மங்குச்சு. கன்னத்துல வச்சுப் பாத்துத்தான் மத்ததைத் திறந்தேன், ஒண்ணுகூட மங்கல.

கீழ பழைய தார்ப்பாய் விரிச்சாச்சு. ஆறு டப்பா வாங்கினேன். சனிக்கிழமை கூட்டம் குறைஞ்சதும் பாதியை ஏழு மணிக்கே உள்ள வச்சுட்டேன், மேசையில ரகத்துக்கு ரெண்டுதான். மிச்சத்தை ஒன்பது மணிக்குத் துடைச்சுத் துடைச்சு உள்ள வச்சோம். கிரேட் கவுத்து, அது மேல டப்பா, அதுக்கு மேல மூங்கில் வளைச்சு சீட்டு. வெடியால போனா சீட்டுல அதே முத்து முத்தா தண்ணி. கைய வச்சுத் தடவிப் பாத்தேன், ஓரமா வழிஞ்சு கீழ போயிருந்துச்சு. டப்பாவுக்குள்ள ஆரஞ்சு ஆரஞ்சாவே இருந்துச்சு. ஒரு டப்பாவுல மட்டும் பச்சை. பாத்தா அதோட மூடி ஒரு மூலையில சரியா அமுங்கல, சணல் கயிறு மாட்டியிருக்கு.

இன்னும் சரியாகாதது எண்ணெய் வேர்க்கறது. மல்லி வாசனை ஜாடியில மதியத்துல திரும்பவும் வந்துச்சு. எண்ணெயைக் குறைச்சு ஒரு தொகுதி ஊத்தி வச்சிருக்கேன், ரெண்டு வாரம் ஆகட்டும்.

சாட்டின் லேபிளைத் தொட்டுப் பாக்காதவங்க இல்ல. ஒரு அக்கா ஜாடியை வாங்கிட்டு, "இந்த நாடா பனியன்ல இருக்கறதுல்ல"ன்னு கேட்டாங்க. ஆமாங்க்கா, திருப்பூர்லதான் அடிச்சதுன்னேன். அவங்க திருப்பூருங்களாம்.

திருப்பூர்_பேக்கிங் · திங்கள், பகல் 12.05

அந்தப் பச்சையான பொட்டலத்தைத் தனியா எடுத்து வைங்க அக்கா, மத்ததோட கலந்துராதீங்க. சூடு பண்ணித் திரும்ப ஆரஞ்சான பொறவு சேத்துக்கலாம். சணல் கயித்தை இன்னும் ரெண்டு இஞ்ச் குட்டையா வெட்டுங்க, மூடியில மாட்டாது.

காங்கேயம்_களம் · திங்கள், இரவு 7.50

சீட்டைத் திருப்பிக் காயப் போட்டீங்களா அம்மிணி?

கோபி_மெழுகு · திங்கள், இரவு 8.10

மொட்டை மாடியில கெடக்குதுங்க அண்ணா. காத்தாலயே விரிச்சாச்சு.